பதினொரு மாதம்

"நாய்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்.
கூட ஒரு ஆள் இருக்காருன்னு சொல்லுங்க,
மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்
புரோக்கர் தணிகைவேல்.
சைலன்ஸர் ஓட்டையான அவர் ஸ்கூட்டர்
ஆதம்பாக்கத்தில் எந்தத் தெரு திரும்பினாலும்
சுக்குவின் வால் சுவரில் அடிக்கும்.

காலி வீட்டுக்குள் நுழைந்ததும்
ஒருமுறை கை தட்டுவேன்.
கூடம் எவ்வளவு நீளம், ஜன்னல் எந்தப் பக்கம்,
பரணில் பழைய ஆட்கள் எதையாவது விட்டுப் போனார்களா,
ஓசை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்.
முதல் வீட்டில் அது திரும்புவதற்குள்
ஓனரின் குரல் வந்துவிட்டது:
"நாங்க சுத்த சைவம்."
இவனும் தயிர்சாதம்தான் சார் என்றேன்.
பொய்.
சுக்கு என் செருப்பின் மேல் தலை வைத்து
அந்தப் பொய்க்குத் துணை நின்றான்.

இரண்டாவது வீட்டில்
"குழந்தைங்க பயந்துக்கும்."
அந்தக் குழந்தை அதற்குள்
அவன் காதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து
இவனுக்குப் பல் எத்தனை என்று
என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது, வேளச்சேரியில், ஐந்தாம் மாடி.
அசோசியேஷன் செயலாளர் சட்டம் வாசித்தார்:
லிஃப்டில் கேஸ் சிலிண்டர் கூடாது,
வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் கூடாது,
பிராணிகள் கூடாது.
படியேறும் அந்த வரிசையில்
எங்களுக்கும் ஓர் இடம் காலியாக இருந்தது.
பாதிப் படியில் ஒரு பெண் மூச்சு வாங்க நின்று
"நீ முன்னாடி போம்மா" என்றாள்.
கையில் பக்கெட் இருந்திருக்க வேண்டும்,
நீர் தளும்பியது.

நங்கநல்லூரில், கீழ்த்தளம்.
மேலே குடியிருக்கும் ரூபாவதி அம்மாள்
மூட்டு வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.
"குரைக்குமா?"
வேலையில் இருக்கும்போது மாட்டான்.
"ராத்திரி என்ன பண்ணும்?"
தூங்குவான்.
"நீ?"
நானும்.
நீண்ட நேரம் பேச்சில்லை.
கருணைக்குத்தான் அம்மாள் தயாராகிறார் என்று நினைத்து
நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன்.
"காலையில எத்தனை மணிக்கு எழுப்பும்?"
அஞ்சேகாலுக்கு. ஒரு நாள் தவறினதில்லை.
"அப்போ அஞ்சரைக்கு மோட்டார் போட்டுடுவியா?
போன தடவை இருந்த பசங்க எட்டு மணிக்கு எழுந்துப்பானுங்க.
அதுக்குள்ள சம்ப்புல தண்ணி நின்னுடும்."

ஆறு மாத அட்வான்ஸ்,
சுக்குவுக்காக மேலே ஒரு மாதம்.
கேட்டது ரெண்டு, தணிகைவேல் பேசிக் குறைத்தார்.

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே
முத்திரைத்தாளை உருளையில் சொருகிக்கொண்டு
டைப்பிஸ்ட் கேட்டார்: "குடியிருப்போர் ரெண்டா?
ரெண்டாவது ஆள், உறவு என்னன்னு போடறது?"
பிறகு அவரே, குரலைத் தாழ்த்தி,
"கண்ணுன்னு போட்டுடலாமா மேடம்?"
வேண்டாம் சார்.
கண்ணுக்கு மணிக்கு ஒருமுறை பசிக்காது.
கண் மழையில் நனைந்து நாறாது.
அண்ணா சாலையைக் கடக்கும்போது
நான் "போ" என்று சொல்லியும் போகாமல்
காலை ஊன்றி நிற்காது. அன்று ஒரு பேருந்து
என் துப்பட்டாவைத் தொட்டுக்கொண்டு போனது.
"அப்போ என்னதான் போடட்டும்?"
பெயரைப் போடுங்கள். சுக்கு.
இரண்டு தட்டு, ஒரு புள்ளி, ஒரு தட்டு
என்று என் காதில் விழுந்தது.

பதினான்காவது ஷரத்து: நாய் குரைக்கக் கூடாது.
பதினைந்து: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

முதல் இரவு. பிரிக்காத அட்டைப்பெட்டிகள் நடுவே
ஒருமுறை கை தட்டினேன்.
ஓசை பெட்டிகளில் புதைந்து, திரும்பவில்லை.
இரண்டு மணி வாக்கில்
சுக்கு கனவில் யாரையோ துரத்தினான்.
கால் என் முழங்காலில் உதைத்தது,
பிறகு, தெளிவாக, ஒரே ஒரு குரைப்பு.
மேலே நடந்துகொண்டிருந்த காலடி நின்றது.
நான் அவன் வயிற்றின் மேல் கை வைத்தேன்.
அது ஏறி இறங்கியது.
மேலே காலடி இன்னும் நின்றபடியே இருந்தது.

மோட்டார் ஸ்விட்ச் வாசலுக்கு இடப்பக்கம்,
என் தோள் உயரத்தில், ஓரம் உடைந்தது.
நாலு முறை தொட்டுப் பார்த்து வைத்திருக்கிறேன்.